செபமாலையைத் தந்தவர்கள்: ஹெர்பர்ட் தர்ஸ்டன் அடிகளாரை வாசித்தபோது

"சபைக்குள்ளேயே இருந்துகொண்டு சபையின் கதைகளை அறுக்கிறவர்களால்தான் பிள்ளைகளுக்கு விசுவாசம் குறைகிறது" என்று மறைக்கல்வி ஆசிரியர்கள் கூட்டமொன்றில் மூத்த ஆசிரியர் ஒருவர் வருத்தத்தோடு சொன்னார். செபமாலை மாதமான அக்டோபருக்குரிய பாடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அன்னை மரியா, சாமிநாதர் சபையைத் தொடங்கிய புனித சாமிநாதருக்கு (டொமினிக்) தோன்றிச் செபமாலையைக் கையில் கொடுத்தார் என்ற வழக்கமான வரலாற்றைப் பாடத்தில் அப்படியே வைப்பதா என்ற பேச்சு வந்தது. அதற்குச் சாமிநாதரின் காலத்துச் சான்று எதுவும் இல்லை என்று இயேசு சபைக் குரு ஒருவரே நூறு ஆண்டுகளுக்கு முன்பு விரிவாக எழுதியிருக்கிறார் என்று நான் சொன்னேன். பெரியவர் கோபப்படவில்லை. "தம்பி, அந்தச் சாமியார் செபமாலை சொன்னாரா, சொல்லலையா? மொதல்ல அதைச் சொல்லுங்க" என்று மட்டும் கேட்டார். கூட்டம் அடுத்த பொருளுக்குப் போய்விட்டது. அவருடைய கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

நான் குறிப்பிட்ட குரு ஹெர்பர்ட் தர்ஸ்டன். 1856இல் லண்டனில் பிறந்தவர். 1874இல் இயேசு சபையில் சேர்ந்து, 1890இல் குருப்பட்டம் பெற்று, 1894 முதல் லண்டன் ஃபார்ம் வீதியிலுள்ள சபை இல்லத்தில் தங்கி, 1939 நவம்பரில் இறக்கும்வரை எழுதிக்கொண்டே இருந்தவர். சபை நடத்திய 'தி மன்த்' இதழில் வந்த அவருடைய கட்டுரைகள் நூற்றுக்கணக்கானவை. கத்தோலிக்கக் கலைக்களஞ்சியத்துக்கு மட்டும் 150க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் தந்தார். பட்லரின் புனிதர் வரலாற்றுத் தொகுதிகளைத் திருத்தி எழுதும் பெரும்பணியை எழுபது வயதில் தொடங்கினார். 1926 முதல் 1938 வரை பன்னிரண்டு தொகுதிகள் வெளிவந்தன. பெரியவரின் கேள்விக்கு இந்த வாழ்க்கையே ஒரு பதில் என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால், அறுபத்தைந்து ஆண்டுகள் துறவியாக இருந்த ஒருவர் தம் மக்கள் நெஞ்சில் வைத்திருந்த கதைகளை ஏன் இவ்வளவு கடுமையாகச் சோதித்தார், அந்தச் சோதனைக்குப் பிறகு பக்தியில் மிஞ்சியது என்ன என்பதே எனக்குப் பெரிய கேள்வியாக நின்றது.

சாமிநாதரும் ஆலன் அடிகளும்

நம் வீடுகளில் பலர் மாட்டி வைத்திருக்கும் இத்தாலியின் பொம்பெயி நகரத்துச் செபமாலை மாதா படத்தில், குழந்தை இயேசுவோடு அமர்ந்திருக்கும் அன்னையின் காலடியில் சாமிநாதரும் சியன்னா கத்தரீனும் மண்டியிட்டுச் செபமாலையை வாங்குகிறார்கள். அந்தப் படத்தின் கீழே வளர்ந்தவன் என்பதால், 1900, 1901ஆம் ஆண்டுகளில் தர்ஸ்டன் எழுதிய செபமாலைக் கட்டுரைகளின் சாரத்தைப் படித்தபோது எனக்கு முதலில் ஒரு தற்காப்பு உணர்வே வந்தது. அவர் வாதிடும் விதமோ சண்டைக்காரரின் விதமாக இல்லை. நிதானமாகக் கேட்டுக்கொண்டே போகிறார். சாமிநாதர் 1221இல் இறந்தார். 1234இல் புனிதர் பட்டம் பெற்றார். அதற்கு முந்தைய ஆண்டு நடந்த விசாரணையில் அவரை நேரில் அறிந்த துறவியர் சாட்சி சொன்னார்கள். அவர் எப்படிச் செபித்தார், எப்படி அழுதார், எப்படி நடந்தே பயணம் செய்தார் என்றெல்லாம் சொன்ன அவர்களில் ஒருவர்கூடச் செபமாலையைக் குறிப்பிடவில்லை. அவருடைய தொடக்ககால வாழ்க்கை வரலாறுகளும் மௌனமாக இருக்கின்றன. சாமிநாதர் சபையின் பழைய சட்டங்கள், பொலோஞாவில் அவர் கல்லறையைச் சூழ்ந்துள்ள சிற்பங்கள் என்று எங்கே தேடினாலும் இல்லை. விண்ணிலிருந்து அன்னையே இறங்கிவந்து தந்த ஒரு கொடையை அவருடைய சொந்தச் சபையே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் மறந்திருக்குமா என்பதே தர்ஸ்டனின் கேள்வி.

கதை தெளிவாகத் தலைகாட்டுவது 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆலன் தெ லா ரோஷ் என்ற பிரெத்தான் நாட்டுச் சாமிநாதர் சபைத் துறவியின் மறையுரைகளில். அவர் செபமாலைப் பக்தியைப் பரப்பியவர். 1470 வாக்கில் துவே நகரில் அதற்கெனப் பக்தசபை நிறுவியவர். 1475இல் இறந்தார். சாமிநாதருக்கு அன்னை தந்த காட்சியைத் தமக்குக் கிடைத்த காட்சிகளில் அறிந்ததாகச் சொன்னார். வேறெங்கும் தென்படாத நூலாசிரியர்களையும் துணைக்கு அழைத்தார். தர்ஸ்டன் அவரை ஏமாற்றுக்காரர் என்று முத்திரை குத்தவில்லை. நல்லெண்ணம் கொண்ட, கற்பனை மிகுந்த ஒருவரின் வாக்கைப் பிற்காலத்தார் வரலாறாக எடுத்துக்கொண்டார்கள் என்று காட்டினார்.

இதை எழுதிய காலத்தையும் நினைக்க வேண்டும். அப்போது திருத்தந்தையாக இருந்தவர் பதின்மூன்றாம் லியோ. 1883 முதல் செபமாலை பற்றித் தொடர்ந்து சுற்றுமடல்கள் எழுதி, அது சாமிநாதரின் கொடை என்று திரும்பத் திரும்பச் சொன்னவர் அவர். அவர் உயிரோடு இருக்கும்போதே, அவருக்குக் கீழ்ப்படிய வார்த்தைப்பாடு தந்த ஒரு சபையின் குரு, சபையின் சொந்த இதழில், வரலாறு அப்படி இல்லை என்று எழுதுகிறார். ஃபார்ம் வீதி இல்லத்தில் அவரோடு வாழ்ந்து அதே இதழில் எழுதிய ஜார்ஜ் டைரல் 1906இல் இயேசு சபையிலிருந்து நீக்கப்பட்டார். மறைக்கோட்பாடுகளை நவீன சிந்தனைக்கு ஏற்ப மாற்றிப் பார்க்கும் நவீனவாதத்தைக் கண்டிக்கும் சுற்றுமடல் அடுத்த ஆண்டு வந்தது. சந்தேகத்தின் பேரில் பல அறிஞர்களின் வாய் அடைக்கப்பட்ட காலம் அது. தர்ஸ்டன் தப்பித்ததற்குக் காரணம் அச்சமோ சாதுரியமோ என்று நான் நினைக்கவில்லை. மறைக்கோட்பாட்டைத் தொடாமல், ஏட்டில் எழுதியது என்ன, எழுதியவர் யார், எப்போது என்ற கேள்விகளோடு அவர் நின்றுகொண்டார். அந்த எல்லையைக் கடைசிவரை காத்தார்.

எண்ணிச் சொன்னவர்கள்

என் தற்காப்பு உணர்வு கரைந்தது அவருடைய மறுப்பைப் படித்தபோது அல்ல, அதற்குப் பிறகு அவர் காட்டிய வரலாற்றைப் படித்தபோது. சாமிநாதர் இல்லையென்றால் செபமாலை எங்கிருந்து வந்தது என்பதை அவர் தேடிப்போகிறார். துறவியர் 150 திருப்பாடல்களைப் பாடிச் செபித்தார்கள். மடத்தில் வயலுக்கும் சமையலுக்கும் தொழுவத்துக்கும் உழைத்த எழுத்தறியாச் சகோதரர்களுக்கு அது இயலாது. ஆகவே அவர்கள் பாடல்களுக்குப் பதிலாக, கர்த்தர் கற்பித்த செபத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொகுக்கப்பட்ட, பிரான்சின் குளூனி மடத்து வழக்கங்களில் ஒன்று: தொலைவில் ஒரு சகோதரர் இறந்த செய்தி வந்தால் குருக்கள் திருப்பலி ஒப்புக்கொடுக்க வேண்டும்; குரு அல்லாதவர் ஐம்பது திருப்பாடல்களைச் சொல்ல வேண்டும், அல்லது ஐம்பது முறை கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்ல வேண்டும். எண்ணிக்கை தவறாமல் இருக்க மணிகள் கோத்த கயிறு வந்தது. இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் கொடைவள்ளலாக வாழ்ந்து 1067 வாக்கில் இறந்த கொடைவா சீமாட்டி, தாம் செபங்களை எண்ணப் பயன்படுத்திய மணிக்கற்கள் கோத்த மாலையை அன்னை மரியாவின் சுரூபத்துக்கு அணிவிக்கச் சொல்லி விட்டுப்போனார். சாமிநாதர் பிறப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி இது. 13ஆம் நூற்றாண்டுப் பாரிசில் இந்த மணிமாலைகளைச் செய்கிற கைவினைஞர்களுக்கு நான்கு தொழிற்குழுக்கள் இருந்தன.

மரியாவுக்கான மங்கள வார்த்தை செபம் இந்த எண்ணும் வழக்கத்துக்குள் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. அதுவும் இன்று நாம் சொல்கிற முழு வடிவில் அல்ல. வானதூதரும் எலிசபெத்தும் சொன்ன வாழ்த்துகள்தான் முதலில் இருந்தன. "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக" என்று தொடங்கும் மன்றாட்டு மிகப் பிந்தையது. 1568இல் ஐந்தாம் பயஸ் வெளியிட்ட கட்டளைச் செபநூலில்தான் அது இன்றைய வடிவில் உறுதிப்பட்டது. இயேசுவின் வாழ்க்கை நிகழ்ச்சிகளை ஒவ்வொரு வாழ்த்தோடும் இணைத்துத் தியானிக்கும் முறையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் பிரஷியாவின் தோமினிக் என்ற கார்த்தூசியன் துறவி. அவர் வாழ்ந்தது 15ஆம் நூற்றாண்டில்.

குளூனி மடத்துச் சகோதரர்களைப் பற்றி வாசித்த இடத்தில்தான் எனக்கு எல்லாம் திரும்பியது. எங்கள் அப்பாச்சிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஞாயிறு திருப்பலியில் எல்லோரும் புத்தகத்தைப் புரட்டும்போது அவர் கையில் மரமணிச் செபமாலை நகரும். பெருவிரல் படும் பக்கம் மட்டும் மணிகள் மழமழப்பாகி, மரத்தின் நிறம் கறுத்திருக்கும். "படிச்சவுக பொஸ்தகத்துல பாக்காக, நான் இதுல பாக்கேன்" என்பார். சாமிநாதர் கதையில் செபமாலை ஒரு பெரிய புனிதருக்கு, ஒரு பெரிய போராட்டத்தில் வெற்றி பெறுவதற்காக, மேலிருந்து தரப்பட்ட ஆயுதம். தர்ஸ்டன் காட்டுகிற வரலாற்றிலோ அது எழுத்து மறுக்கப்பட்டவர்கள் தங்களுக்காகச் செய்துகொண்ட செபநூல். பெயர் தெரியாத கைகள் நானூறு ஆண்டுகள் சேர்ந்து கோத்தது. இந்த இரண்டாவது வரலாற்றில் எங்கள் அப்பாச்சிக்கு இடம் இருக்கிறது; முதல் கதையில் அவர் வாங்கிக்கொள்பவர் மட்டுமே. இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் அவர்களுடைய விசுவாசம் குறையும் என்று என்னால் நினைக்க முடியவில்லை. 2002இல் இரண்டாம் யோவான் பவுல் செபமாலை பற்றி எழுதிய திருத்தூது மடல், இச்செபம் இரண்டாம் ஆயிரமாண்டில் தூய ஆவியின் தூண்டுதலால் படிப்படியாக உருவானது என்றுதான் தொடங்குகிறது. 'படிப்படியாக' என்பதைச் சபைக்கு நினைவூட்டியவர்களில் தர்ஸ்டனும் ஒருவர்.

சிலுவைப்பாதைக்கும் அவர் இதையே செய்தார். 1906இல் வெளிவந்த நூலில், நாம் தவக்காலத்தில் சுற்றிவரும் பதினான்கு நிலைகள் எருசலேமில் தொன்றுதொட்டு இருந்து அங்கிருந்து ஐரோப்பாவுக்கு வந்தவை அல்ல என்று காட்டினார். எருசலேமுக்குப் போக முடியாத நெதர்லாந்துப் பகுதி மக்களுக்காக எழுதப்பட்ட 16ஆம் நூற்றாண்டுத் தியான நூல்களில்தான் அவற்றின் வரிசை உருவானது. பயணிகள் அந்த வரிசையை மனத்தில் சுமந்து எருசலேமுக்குப் போக, நகரத்தின் வழிகள் அதற்கு ஏற்ப அடையாளப்படுத்தப்பட்டன. எண்ணிக்கை பதினான்கு என்று உறுதியானது 1731இல். இங்கும் அதே போன்ற மனிதர்கள்: போக இயலாதவர்கள்.

அதிசயங்களின் முன்னால்

தர்ஸ்டன் எல்லாவற்றையும் மறுப்பவராக இருந்திருந்தால் அவரைப் பற்றி இவ்வளவு எழுத எனக்கு விருப்பம் இருந்திருக்காது. மறைஞானிகளின் உடலில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் அதிசயங்கள் பற்றி அவர் எழுதியவை அவர் இறந்தபின் 1952இல் தொகுக்கப்பட்டு நூலாக வந்தன. தரையிலிருந்து உயர்தல், கிறிஸ்துவின் ஐந்து காயங்கள் உடலில் தோன்றுதல், ஒளி வீசுதல், நறுமணம், உணவின்றி வாழ்தல், அழியாத உடல் என்று ஒவ்வொன்றையும் எடுத்துச் சாட்சிகளை வரிசைப்படுத்துகிறார். எழுதியவர் கண்ணால் கண்டவரா, கேட்டு எழுதியவரா? எத்தனை ஆண்டுகள் கழித்து எழுதினார்? சத்தியம் செய்து சொன்ன சாட்சியா, புகழுரையா? இந்தச் சல்லடையில் பெரும்பாலானவை கீழே விழுந்துவிடுகின்றன. சில விழவில்லை. குப்பர்த்தீனோ சூசை (1603–1663) பரவசத்தில் தரையிலிருந்து உயர்ந்தார் என்பதற்கான சாட்சியங்களை எளிதில் தள்ள முடியாது என்று தர்ஸ்டன் ஒப்புக்கொள்கிறார். சூசையின் புனிதர் பட்ட விசாரணையில் எதிர்வாதம் செய்யும் பொறுப்பில் இருந்தவர் புரோஸ்பெரோ லம்பர்த்தீனி. பின்னாளில் பதினான்காம் ஆசீர்வாதப்பர் என்ற பெயரில் திருத்தந்தையாகி 1753இல் சூசைக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறு பட்டம் தந்தவரும் அவரே. குறை தேட நியமிக்கப்பட்டவரே சாட்சிகளின் நேர்மையை ஏற்றதை தர்ஸ்டன் முக்கியமாகக் கருதினார்.

ஐந்து காயங்களில் அவர் நிறுத்தி நிதானிக்கிறார். 1224இல் அசிசி பிரான்சிஸ் பெற்ற காயங்களுக்கு முன்பு உறுதியான நிகழ்வு எதுவும் இல்லை. அவருக்குப் பின்போ ஒவ்வொரு தலைமுறையிலும் பலர். பிரான்சிஸின் முன்மாதிரி மனத்தில் பதிந்த பிறகு, கிறிஸ்துவின் பாடுகளில் ஒன்றிப்போன சிலரின் உடல் அந்த எண்ணத்துக்கு உருக்கொடுத்திருக்கலாம் என்பது அவர் கருத்து. விலாக் காயம் ஒருவருக்கு வலப்பக்கம், ஒருவருக்கு இடப்பக்கம். வடிவமும் ஆளுக்கு ஆள் வேறு. லூக்கா நகரத்து ஜெம்மா கல்கானியின் உடலில் தோன்றிய கசையடிக் காயங்கள், அவர் முன்னின்று செபித்த பெரிய பாடுபட்ட சுரூபத்தில் தீட்டியிருந்த காயங்களை ஒத்திருந்தன என்பதை அவர் கவனிக்கிறார். இதைச் சொல்லிவிட்டு ஜெம்மாவின் புனிதத்தை அவர் குறைக்கவில்லை. ஜெம்மாவின் நற்பண்புகளை ஏற்ற ரோமின் ஆணையே, அவருக்கு நேர்ந்த அசாதாரண நிகழ்வுகள் குறித்துத் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. புனிதம் ஓரிடத்தில் இருக்கிறது, அதிசயம் வேறிடத்தில் இருக்கிறது என்ற இந்தப் பிரிப்பே தர்ஸ்டனின் எழுத்து முழுவதற்கும் முதுகெலும்பு. புரூக்ளினில் படுத்த படுக்கையாக, ஏறத்தாழ உணவின்றி நெடுங்காலம் வாழ்ந்ததாகச் சொல்லப்பட்ட மாலி ஃபான்சர் என்ற புரொட்டஸ்தாந்துப் பெண்ணுக்குத் தனி அத்தியாயம் கொடுத்ததும் இதற்காகத்தான். புனிதர்களிடம் காணும் அதே நிகழ்வு புனிதர் பட்டத்துக்குத் தொடர்பில்லாத இடத்திலும் காணப்பட்டால், அதை வைத்துப் புனிதத்தை அளக்க முடியாது.

அவிலா தெரேசா தம் தன்வரலாற்றில், உடல் உயரத் தொடங்குவதை உணர்ந்தால் தரையில் படுத்துக்கொள்வதையும், சகோதரிகள் தம்மை இழுத்துப் பிடித்ததையும், இப்படிப் பிறர் காணத் தரும் வரம் இனி வேண்டாம் என்று ஆண்டவரிடம் கெஞ்சியதையும் எழுதுகிறார். அவருக்கு அது பெருமையாக இல்லை, கூச்சமாக இருந்தது. நம் ஊர்களிலோ ஒரு சுரூபத்தின் கண்ணில் நீர் வழிகிறது என்று கைப்பேசியில் செய்தி வந்தால் மாலைக்குள் வாகனங்கள் நிற்க இடம் இருக்காது. திருத்தந்தை ஒருவர் இறக்கும்போதெல்லாம், வரப்போகும் திருத்தந்தையரை வரிசையாக முன்னறிவிப்பதாகச் சொல்லப்படும் புனித மலாக்கியின் தீர்க்கதரிசனம் தமிழிலும் சுற்றுக்கு வருகிறது. 2013இல் பதினாறாம் ஆசீர்வாதப்பர் பதவி விலகியபோதும் வந்தது, 2025 ஏப்ரலில் திருத்தந்தை பிரான்சிஸ் மறைந்தபோதும் வந்தது. 1595இல் முதன்முதலில் அச்சான அந்தப் பட்டியல், 1590 வரையான திருத்தந்தையருக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டு அதன்பின் மங்கலாகிவிடுவதை 1915இலேயே தர்ஸ்டன் ஒரு நூலில் விளக்கிவிட்டார். முதல் உலகப்போர்க் காலத்து அச்சத்தில் மக்கள் எல்லாத் தீர்க்கதரிசனங்களையும் நம்பத் தொடங்கியதால் அந்த நூலை அவர் எழுதினார். பயந்தவர்களுக்குப் பொய்யான ஆறுதல் தரக்கூடாது என்பது ஒரு மேய்ப்பரின் அக்கறை.

அவரோடு எனக்கு ஒரு பெரிய மனத்தாங்கலும் உண்டு. பெண் மறைஞானிகளைப் பற்றி எழுதும்போது நரம்புத்தளர்ச்சி, உளக்கோளாறு போன்ற சொற்களை மிக விரைவாக எடுத்துவிடுகிறார். நோயில் கிடந்த பெண்களுக்குப் பேச வேறு மேடை இல்லாத காலத்தில், உடலே அவர்களுடைய மறையுரையாக இருந்திருக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு எழவில்லை. தம் காலத்து மருத்துவத்தை, ஆலன் அடிகளைச் சோதித்த அளவுக்கு அவர் சோதித்திருக்க வேண்டும்.

நம் கடற்கரையில்

இந்த ஆய்வுமுறை நமக்கு அந்நியமானது அல்ல. பிரான்சிஸ் சவேரியாருக்குப் பன்மொழி பேசும் வரம் இருந்தது என்று புனிதர் பட்ட ஆவணமே சொன்னது. சவேரியாரின் வாழ்க்கையைப் பல பெருந்தொகுதிகளாக எழுதிய மற்றோர் இயேசு சபை அறிஞர், ஜெர்மானியரான கேயோர்க் ஷுர்ஹாம்மர், புனிதரின் சொந்தக் கடிதங்களை முன்னால் வைத்தார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், முத்துக்குளித்துறையில் மக்களுடைய மொழி தமக்குத் தெரியவில்லை என்பதைச் சவேரியாரே சொல்கிறார். இரு மொழியும் அறிந்தவர்களைத் தேடிப்பிடித்து, பல நாள் கூடி உட்கார்ந்து, மிகுந்த சிரமத்தோடு செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். வரத்தின் கதையை எடுத்துவிட்டால் அங்கே தெரிவது ஒரு வெளிநாட்டார் நம் ழகரத்தோடும் ளகரத்தோடும் மல்லுக்கட்டும் காட்சி. அவருக்குச் சொல் எடுத்துக்கொடுத்த, பெயர் எழுதப்படாத பரதவர்களும் தெரிகிறார்கள். புனிதர் கதை அவர்களை மறைத்தது, கடிதம் காட்டுகிறது.

இதே வேலை குமரி மண்ணின் மறைசாட்சி தேவசகாயத்துக்கும் நடக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்த அவருக்கு 2022 மே 15இல் புனிதர் பட்டம் கிடைத்தது. அவர் இறந்து நான்கே ஆண்டுகளில் கொச்சி ஆயர் ரோமுக்கு அனுப்பிய இலத்தீன் அறிக்கை இருக்கிறது. மக்கள் நடுவே வளர்ந்த அம்மானைகளும் நாடகங்களும் இருக்கின்றன. புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் வாடிய அவர் முழங்கையால் இடித்தபோது நீர் ஊறியதாகச் சொல்லும் முட்டிடிச்சான் பாறை இருக்கிறது. இன்றும் அங்கே மக்கள் நீர் மொண்டு குடிக்கிறார்கள். அறிக்கையை ஒரு பக்கமும் பாடல்களை மறுபக்கமும் வைத்து, எந்த நிகழ்ச்சி எந்த ஏட்டில் முதன்முதலில் வருகிறது, யார் பாட யார் கேட்டார்கள் என்று ஆண்டுவரிசையில் எழுதினால், அந்த மனிதருடைய கடைசி மூன்று ஆண்டுகளும், அவரை மறக்க மறுத்த குமரி மக்களின் இருநூற்றைம்பது ஆண்டுகளும் தனித்தனியே துலங்கும். இரண்டும் நமக்கு வேண்டும். அடுத்த அக்டோபருக்கு முன் எங்கள் மறைக்கல்விக் குழுவில், அந்தப் பெரியவரையும் சேர்த்துக்கொண்டு, பாடல்களில் வரும் நிகழ்ச்சிகளைப் பட்டியலிடும் வேலையைத் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறேன். அவருக்கு அம்மானை முழுவதும் பாடமாகத் தெரியும்.